கிழ எஞ்சினுக்கும் மூச்சு வேண்டும்

சேலத்திலிருந்து தர்மபுரிக்கு மோட்டாரில் போகிறவர்கள் வழியிலே தொப்பூர்க் கணவாயை ஏறிக் கடந்தாக வேண்டும். இன்றைய நால்வழிச் சாலையில் இன்றைய கார்கள் அந்த ஏற்றத்தைச் சிறிதும் லட்சியம் செய்வதில்லை. உள்ளே இருப்பவர்கள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுவதற்குள் தர்மபுரி வந்துவிடுகிறது. ஆனால், அறுபது வயதை எட்டிக்கொண்டிருக்கும் ஒரு வண்டியில் ஏறிப் பாருங்கள். கணவாய் என்றால் என்ன, ஏற்றம் என்றால் என்ன என்பதெல்லாம் தெளிவாக விளங்கும். சென்ற தை மாதத்தில் நமக்கு அது விளங்கிற்று.

வண்டி தர்மபுரியில் வசிக்கும் நம் நண்பர் ஒருவருடையது. 1966-ஆம் வருஷத்து அம்பாசிடர். அவருடைய தகப்பனார் வாங்கியது. தர்மபுரி, சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவானது 1965-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 2-ஆம் தேதி. ஆகவே ஜில்லாவும் தம் வண்டியும் ஏறக்குறைய ஒரே வயதுப் பிள்ளைகள் என்று நண்பர் பெருமை பேசுவது வழக்கம். அவருடைய தாயாருக்கு வயது எண்பதுக்கு மேல். மாதம் ஒரு முறை அந்த அம்மாளைச் சேலத்தில் வைத்தியரிடம் காட்டி அழைத்து வர வேண்டும். வீட்டில் புதிய கார் ஒன்றும் இருக்கிறது. ஆனால் அம்மாள் அதில் ஏற மாட்டார். "குனிஞ்சு உள்ள போயி, அப்புறம் குழியிலிருந்து எழுந்து வர்ற மாதிரி எழுந்திருக்கணும், அது எனக்கு வேண்டாம்" என்பது அவருடைய தீர்ப்பு. அம்பாசிடரிலோ நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காரலாம்.

சேலத்திலிருந்து திரும்பும்போது நாமும் அவர்களோடு சேர்ந்துகொண்டோம். தொப்பூர் ஏற்றத்தில் நண்பர் இரண்டாவது கியருக்கு வந்தார். சிறிது நேரத்துக்கெல்லாம் காலடியிலிருந்து காய்ந்த எண்ணெயின் வாசனை கிளம்பிற்று. பிறகு நீல நிறமான மெல்லிய புகை. பின் ஆசனத்தில் இருந்த அம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு இருமத் தொடங்கினார். "ஏம்ப்பா, வண்டி எரியுதா?" என்று கேட்டார். நண்பர் பதில் சொல்வதற்குள் மற்றொரு விபரீதம் நேர்ந்தது. எஞ்சின் பெருங்கூச்சல் போடுகிறது. வண்டியோ நகர மறுக்கிறது. கிளட்ச் வழுக்கிவிட்டது. முன்னும் பின்னும் பெரிய பெரிய லாரிகள் ஓடும் அந்தச் சாலையில், நல்ல வேளையாக ஓரத்தில் ஒதுங்கி நின்றோம். இறங்கிப் பார்த்தால், எஞ்சினும் கியர் பெட்டியும் கூடும் இடத்திலிருந்து எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் நண்பர் ஓர் உண்மையை மெல்ல வெளியிட்டார். எஞ்சினின் பக்கத்திலிருந்து தரையை நோக்கி இறங்கும் ஒரு குழாய் எப்போதும் எண்ணெய்த் துளியைச் சிந்திக்கொண்டிருந்ததாம். வீட்டு முகப்பில் புதிதாகப் பதித்த கிரானைட் தரை அதனால் பாழாயிற்றாம். ஆகவே முதல் நாள் மாலை, ஒரு மரக்கட்டையைச் சீவிக் குழாயின் வாயில் அழகாகச் செருகி அடைத்துவிட்டாராம்! எண்ணெய் வேறு வழி பார்த்துக்கொண்டு பின்பக்கமாக வந்து கிளட்சை நனைத்துவிட்டது.

காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வேன்காரர் கயிறு கட்டி எங்களை ஊர் சேர்த்தார். மறுநாள் காலையில் பட்டறை மேஸ்திரி வந்து பார்த்தார். மரக்கட்டையை உருவிக் கையிலே வைத்துக்கொண்டு சிரித்தார். "மூக்கைப் பொத்தினா காது வழியாத்தான் வரும் சார்" என்றார். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதிய வியாக்கியானம் என்றே நேயர்கள் வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சினின் வயிற்றுக்குள்ளே

பெட்ரோல் எஞ்சினின் மேல் பாதியில் சிலிண்டர்கள். கீழ்ப் பாதியில் கிராங்க் ஷாப்ட் சுழலும் பெட்டி. இதைக் கிராங்க் கேஸ் என்பார்கள். அடியிலே எண்ணெய் நிற்கும். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றன. நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இப்படி நிமிஷத்துக்கு 6,000 முறை எரிகிறது. பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் இருந்தாலும், அவற்றின் வாய்களில் சிறிது இடைவெளி இருந்தே தீரும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வாயு அந்த இடுக்கின் வழியே நழுவிக் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடுகிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் இதற்குப் 'பேக் கம்ப்ரஷன்' என்று பெயர். புத்தம் புதிய எஞ்சினிலும் இது உண்டு. தேய்ந்த எஞ்சினில் அதிகம்.

இப்படி இறங்கும் வாயுவில் பெரும் பகுதி எரியாத பெட்ரோல் ஆவியும் காற்றுமே. மிச்சம், எரிந்த புகையும் நீராவியும். நீராவி எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்பது ரசாயன சாஸ்திரம் சொல்லும் உண்மை. அதில் பெரும்பாலும் சைலன்ஸர் வழியே போய்விடும். உள்ளே இறங்கிய பங்கு, எஞ்சின் சூடேறாத வேளைகளில், எண்ணெயோடு கலந்து மோர்போல் வெளுத்துவிடுகிறது. பெட்ரோல் ஆவி எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. எரிந்த வாயுக்கள் தண்ணீரோடு கூடி அமிலமாகி பேரிங்குகளை அரிக்கின்றன. நாளடைவில் எல்லாம் சேர்ந்து கறுத்த களியாகி எண்ணெய் ஓடும் வழிகளை அடைக்கின்றன. பக்கத்துத் தெருக் கடைக்கும் கோவிலுக்கும் மட்டும் போய் வரும் வண்டி, நெடுந்தூரம் ஓடும் வண்டியைவிடச் சீக்கிரம் நோய்ப்படுவதற்கு இதுவே காரணம்.

இந்த வாயுவை வெளியே விடாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறினால் எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரும். 1966-ஆம் வருஷத்து அம்பாசிடருக்கு 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின்; பிரிட்டனில் 'பி வரிசை' என்ற பெயரில் பல கார்களுக்குச் செய்த எஞ்சினின் வம்சம். அந்தக் காலத்துப் பி வரிசை எஞ்சின்களில் கிராங்க் ஷாப்டின் பின்கோடியில் எண்ணெயைத் தடுக்க ரப்பர் வளையம் கிடையாது. திருகாணியின் மரைபோல் ஒரு சுருள் வெட்டு மாத்திரம் இருக்கும். தண்டு சுழலச் சுழல அந்தச் சுருள், வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை உள்ளுக்கே திருப்பி அனுப்பும். மிகவும் கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் உள்ளே அழுத்தம் இல்லாதவரையில்தான் அதன் கெட்டிக்காரத்தனம் செல்லும். நண்பரின் மரக்கட்டை அந்த நிபந்தனையை மீறிவிட்டது.

அந்த எஞ்சினுக்கு மற்றொரு மூக்குத் துவாரமும் உண்டு. மேலே ராக்கர் மூடியிலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு ரப்பர்க் குழாய் போகிறது. மேஸ்திரி அதையும் கழற்றிப் பார்த்தார். எத்தனையோ வருஷத்துப் பிசினால் அது உள்ளே அடைத்துக் கிடந்தது. ஒரு நாசியில் பீனிசம்; மறு நாசியில் மரக்கட்டை. பாவம், எஞ்சின் என்ன செய்யும்!

பழைய குழாயின் குறை

நண்பர் அடைத்த அந்தக் கீழ்க் குழாய்க்கு 'ப்ரீதர் பைப்' என்று பெயர். 1960-க்கு முன் உலகெங்கும் ஓடிய கார்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இந்த ஏற்பாடுதான் இருந்தது. வண்டி ஓடும்போது அடியிலே காற்று விரைந்து செல்கிறது. குழாயின் வாயைச் சாய்வாக வெட்டி அந்தக் காற்றில் நிறுத்தினால், அது உள்ளிருக்கும் வாயுவை உறிஞ்சி இழுத்துவிடும். அசையும் உறுப்பு ஒன்றும் இல்லை. கெட்டுப்போவதற்கும் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு பெரிய குறை உண்டு. காற்று உறிஞ்ச வேண்டுமானால் வண்டி வேகமாக ஓட வேண்டும். ஏறக்குறைய மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் கீழே போனால் இந்த உறிஞ்சல் பெயரளவுக்குத்தான். வண்டி நின்றுகொண்டு எஞ்சின் மட்டும் ஓடினால் அதுவும் இல்லை. இப்போது தொப்பூர் ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் முழுப் பலத்தையும் கொடுக்கிறது. ஆகவே பிஸ்டன்களைத் தாண்டி இறங்கும் வாயு மிக அதிகம். வண்டியோ மெதுவாக ஊர்கிறது. ஆகவே இழுக்கும் காற்று மிகக் குறைவு. தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் உதவி கையை விரித்துவிடுகிறது. வெளியே வந்த புகையும் வண்டிக்கடியிலேயே தங்கிப் பலகை இடுக்குகளின் வழியே உள்ளே ஏறிவிடுகிறது. குழாய் அடைபடாத நாட்களிலும் அம்மாள் இருமியதற்குக் காரணம் இதுதான்.

நண்பர் மனம் நொந்துபோய், "வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறேன், அம்மாவுக்கு எப்படியாவது சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்" என்றார். அப்படிச் சொன்ன அன்று மாலை அவர் வண்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்ததையும் பார்த்தோம். ஆகவே வேறு வழி உண்டா என்று விசாரிப்பது நம்முடைய கடமையாயிற்று. வழி உண்டு. அது அறுபது வருஷங்களுக்கு முன்பே ஏற்பட்ட வழி.

அன்னாசியும் நச்சுப் பனியும்

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்ற பெரிய நகரத்தை 1943-ஆம் வருஷம் முதல் ஒரு விசித்திரமான பழுப்பு மூட்டம் பீடித்து வந்தது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது, தோட்டப் பயிர்கள் கருகின. தொழிற்சாலைகளைக் கேட்டால் குப்பை எரிப்பவர்களைக் காட்டின. குப்பை எரிப்பவர்களைக் கேட்டால் தொழிற்சாலைகளைக் காட்டினார்கள். ஹாலந்தில் பிறந்து அந்தப் பக்கத்தில் குடியேறிய அரீ ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன பண்டிதர், அன்னாசிப் பழத்துக்கு அந்த மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். அன்னாசியின் மணத்தைப் பிரித்த அதே முறையில் நகரத்துக் காற்றையும் பிரித்துப் பார்த்தார். எரியாத பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் வாயுக்களும் வெயிலில் கூடி இந்த நஞ்சை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் அவர் விளக்கினார். மோட்டார் வண்டிதான் பெரிய குற்றவாளி என்று ஏற்பட்டது.

காரிலிருந்து வெளிப்படும் எரியாத பெட்ரோல் ஆவியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, சைலன்ஸரிலிருந்து அல்ல, இந்தக் கிராங்க் கேஸ் குழாயிலிருந்து வந்தது. இதைத் தடுப்பது சுலபமாகவும் இருந்தது. வெளியே விடும் வாயுவைத் திரும்ப எஞ்சினுக்கே ஊட்டி எரித்துவிட்டால் தீர்ந்தது அல்லவா? கலிபோர்னியா ராஜ்யம் 1961-இல் இந்த ஏற்பாட்டைக் கட்டாயமாக்கிற்று. புகையைக் கட்டுப்படுத்த மோட்டார்களின் மீது அந்நாட்டில் விதித்த முதல் கட்டளை இதுவே. இதைச் செய்யும் சிறு கருவிக்குப் 'பி.ஸி.வி. வால்வு' என்று பெயர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கருவி அப்போதே பழையது. இரண்டாவது உலக யுத்தத்தில் ஆற்றையும் சேற்றையும் கடக்க வேண்டிய ராணுவ வண்டிகளின் எஞ்சினுக்குள் தண்ணீர் புகக்கூடாது என்பதற்காக இதைப் பொருத்தினார்கள். அந்தக் காலத்து வில்லிஸ் ஜீப்பில் இந்த வால்வு இருந்தது. யுத்தத்துக்குப் பின் 1947-இல் பம்பாயில் அந்த ஜீப்புகளைக் கோத்து விற்கத் தொடங்கியது மகீந்திரா கம்பெனி. தண்ணீருக்கு அஞ்சிச் செய்தது, பிற்பாடு காற்றைக் காக்க உதவிற்று.

பழைய எஞ்சினுக்குப் புதிய உறுப்பு வைப்பதும் நமக்குப் புதிதல்ல. யுத்த காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, முதுகிலே கரி அடுப்பைச் சுமந்துகொண்டு கரி வாயுவில் ஓடிய பஸ்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதோடு ஒப்பிட்டால் இந்த வால்வு ஒரு மூக்குத்தி.

வால்வு செய்யும் வேலை

எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது, கார்புரேட்டருக்குக் கீழே உள்ள இன்டேக் மானிபோல்டில் ஓர் இழுப்பு உண்டாகிறது. கிராங்க் கேஸிலிருந்து ஒரு ஹோஸை அங்கே கொண்டு போய்ச் சேர்த்தால், உள்ளிருக்கும் வாயுவை அது தானே இழுத்துக்கொள்ளும். வண்டி ஓட வேண்டும் என்பதில்லை, நின்றாலும் இழுக்கும். பழைய குழாயின் பெருங் குறை அந்த இடத்திலேயே தீர்கிறது.

ஆனால் வெறும் குழாயை வைத்துவிட முடியாது. எஞ்சின் நிதானமாக நின்று ஓடும்போது இழுப்பு மிகப் பலமாக இருக்கும்; வாயுவோ கொஞ்சம்தான். அப்போது அதிகக் காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை கெட்டு எஞ்சின் தடுமாறும். ஆகவே வால்வுக்குள் ஒரு சிறு ஸ்பிரிங்கும் ஒரு முளையும் இருக்கின்றன. இழுப்பு பலமானால் முளை நகர்ந்து வழியைக் குறுக்குகிறது. இழுப்பு தளர்ந்தால் வழியை அகலத் திறக்கிறது. கார்புரேட்டர் பக்கம் எப்போதாவது தீ பின்னோக்கி வெடித்தால், முளை பின்னால் போய் அடைத்துக்கொண்டு, ஆவி நிறைந்த கிராங்க் கேஸுக்குள் தீ போகாமல் காக்கிறது.

வெளியே இழுத்த வாயுவுக்குப் பதிலாகச் சுத்தமான காற்று உள்ளே வர வேண்டும். அது ஏர் கிளீனரிலிருந்து ராக்கர் மூடி வழியாக இறங்கி, உள்ளே முழுவதும் உலாவி, பக்கத்து டேப்பெட் மூடி வழியாக வெளியேறுகிறது. கணவாய் ஏற்றத்திலோ கதை சற்று மாறுகிறது. ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தும்போது மானிபோல்டின் இழுப்பு மிகவும் குறைந்துவிடும். வால்வு மட்டும் எல்லாவற்றையும் இழுத்துவிடாது. மிஞ்சிய வாயு, வந்த வழியே திரும்பி, ராக்கர் மூடியிலிருந்து ஏர் கிளீனருக்குப் போய்க் கார்புரேட்டர் வழியாக எஞ்சினுக்குள் நுழைந்து எரிந்துவிடுகிறது. ஆகவே மேல் குழாய் இல்லாமல் வால்வை மாத்திரம் வைத்தால் தொப்பூரில் பழைய கதைதான். இரண்டு நாசியும் வேண்டும்.

பட்டறையிலே

மேஸ்திரி முதலில் வால்வைத் தேடவில்லை. நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனை அளந்து பார்த்தார். "ரிங்கு போயிருந்தா இதெல்லாம் வீண் வேலை, எஞ்சினை இறக்கிப் போர் பண்ணித்தான் ஆகணும்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் நியாயம். தேய்ந்த எஞ்சினில் இந்த வால்வை வைப்பது, புண்ணை ஆற்றாமல் பட்டுத் துணியைப் போர்த்துவதுபோல்தான். எண்ணெய் புகையாகி மானிபோல்டுக்கே போய்ச் சேரும். நல்ல வேளையாக நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் பலம் காட்டின. வயதானாலும் வியாதியில்லாத உடம்பு.

எண்ணெய் ஊறிய கிளட்ச் தட்டை மாற்றினார்கள். பிறகு வேலை தொடங்கிற்று. நண்பர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: தகப்பனார் வாங்கிய வண்டியின் எந்த அசல் உறுப்பிலும் துளை போடக்கூடாது. ஆகவே மானிபோல்டைத் தொடாமல், அதற்கும் கார்புரேட்டருக்கும் நடுவே வைக்க அலுமினியத்தில் ஓர் இடைத்தட்டுக் கடைந்தார்கள். அதன் பக்கத்தில் ஹோஸைச் செருக ஒரு மூக்கு. அது நடுவில் அமைந்ததால் நான்கு சிலிண்டர்களுக்கும் காற்று சமமாகப் போகும். ஓரத்தில் வைத்தால் அருகிலுள்ள சிலிண்டருக்கு மாத்திரம் கலவை கெடும். தட்டின் கனத்துக்கு ஏற்ப நீளமான ஸ்டட்டுகளைப் போட்டு, பானட் இடிக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்கள்.

ப்ரீதர் பைப் அமைந்த அசல் டேப்பெட் மூடியைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி நண்பரிடம் கொடுத்தார் மேஸ்திரி. அதன் இடத்தில், பழைய சாமான் கடையில் கிடைத்த அதே போன்ற வேறொரு மூடியைப் போட்டுக் குழாயை மேல் நோக்கித் திருப்பினார்கள். வழியில் ஒரு சிறு டப்பா. அதற்குள் துருப்பிடிக்காத கம்பி வலை. எண்ணெய்த் துளிகள் வலையில் தங்கித் திரும்ப வடிந்துவிடும். வாயு மட்டும் மேலே போகும். அதற்கப்பால் வால்வு. ஏறக்குறைய இதே கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர்ப் பெட்ரோல் காருக்கான வால்வைத்தான் வாங்க வேண்டும். பெரிய எஞ்சினின் வால்வை வைத்தால் அளவுக்கு மீறிக் காற்று விடும். ஹோஸும் எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் தாங்குவதாக இருக்க வேண்டும். தண்ணீருக்கான ரப்பர்க் குழாய் சில மாதங்களில் ஊறிப்போய் உட்கார்ந்துவிடும். மேலே, பிசின் பிடித்த குழாயை எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். எண்ணெய் ஊற்றும் வாய்க்கும் காற்றுப் புகாத மூடி. எங்கேனும் ஒரு துவாரம் திறந்திருந்தால் அதன் வழியே சாலைப் புழுதி நேராக எஞ்சினின் வயிற்றுக்குள் போகும்; நன்மைக்குச் செய்தது தீமையாய் முடியும்.

வேலை முடிந்ததும் மேஸ்திரி ஒரு வேடிக்கை காட்டினார். எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் வாயின் மூடியை எடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தை அதன் மேல் வைத்தார். அதற்கு முன்பெல்லாம் காகிதம் படபடவென்று அடித்துப் பறந்துவிடும். இப்போதோ வாயோடு ஒட்டிக்கொண்டு மெல்லக் குழிந்தது. உள்ளே அழுத்தம் போய் இலேசான இழுப்பு ஏற்பட்டுவிட்டது. பின்கோடியிலுள்ள திருகுச் சுருள் இனித் தன் வேலையைச் செய்யும். கடைசியாகக் கார்புரேட்டரின் திருகைச் சிறிது திருத்தி, எஞ்சின் நின்று ஓடும் ஓட்டத்தைச் சீராக்கினார்.

இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நேயர்கள் எண்ண வேண்டாம். இதே பி வரிசை எஞ்சினைத் தாங்கிய எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு 1964-இலேயே தொழிற்சாலையில் இப்படிப்பட்ட வால்வை வைத்துவிட்டார்கள். நண்பரின் வண்டிக்கு அந்த வைத்தியம் அறுபது வருஷம் தாமதமாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

சட்டமும் சொந்தமும்

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். 2021-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய சர்க்கார் மோட்டார் வாகன விதிகளில் பழமை வண்டிகளுக்கென ஒரு பகுதியைச் சேர்த்தது. முதலில் பதிவாகி 50 வருஷம் கடந்த, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். சாஸி, பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாறுதல் எதுவும் இல்லாமல் வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும். புதிய பதிவுக்கு விதியில் குறித்த கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்து வருஷம் செல்லும். ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துப் போகலாமே தவிர, அன்றாட உபயோகத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டக்கூடாது.

நண்பருக்கு இது ஒரு தர்மசங்கடம். விண்டேஜ் பதிவு பெற்றால் வண்டிக்குக் கௌரவம். ஆனால் அம்மாளை மாதா மாதம் சேலத்துக்கு அழைத்துப் போக முடியாது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, "அம்மா இருக்கிறவரையில் இது வண்டி; அப்புறம்தான் காட்சிப் பொருள்" என்று சொல்லிவிட்டார். அசல் மூடியும் குழாயும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும் ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. நாளைக்கு வேண்டுமானால் இரண்டு மணி நேரத்தில் வண்டியைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். பழமையைப் போற்றுகிறவர்கள் எந்தத் திருத்தம் செய்தாலும் இந்த முறையிலே செய்வது உத்தமம். பதிவு எண்ணம் உள்ளவர்கள், ஸ்பானரை எடுக்கும் முன்பே பதிவு அதிகாரியிடம் கேட்டுக்கொள்வது அதைவிட உத்தமம்.

அந்த வால்வினால் எல்லாத் தோஷமும் நிவர்த்தியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். சைலன்ஸர் புகை முன்போலவே வருகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாட்டில் பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000-ஆம் வருஷம் பிப்ரவரியோடு நின்றது. அந்த ஒரு விஷம் போயிற்றே என்று திருப்தி அடையலாம். பராமரிப்பும் கொஞ்சம் உண்டு. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் வால்வைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பார்க்க வேண்டும். குழந்தையின் கிலுகிலுப்பைபோல் உள்ளே முளை ஆடும் சப்தம் கேட்டால் சுகம். கேளாவிட்டால் பிசின் பிடித்துவிட்டது, மாற்றிவிட வேண்டியதுதான்.

மாசி மாதத்தில் அம்மாளை மறுபடியும் சேலத்துக்கு அழைத்துப் போனோம். திரும்பி வருகையில் தொப்பூர் ஏற்றம் வந்தது. நண்பர் இரண்டாவது கியருக்கு வந்தார். அவருடைய கண் சாலையில் இருந்தாலும், மூக்கு முழுவதும் காலடியில்தான் இருந்தது. நாமும் அப்படியே. எஞ்சின் தன் வழக்கமான முனகலோடு நிதானமாக ஏறிற்று. புகை இல்லை, வாசனையும் இல்லை. உச்சியை அடைந்து மூன்றாவது கியர் போட்ட பிறகுதான் இருவரும் நன்றாக மூச்சு விட்டோம்.

பின்னாலிருந்து அம்மாளின் குரல் கேட்டது.

"ஏம்ப்பா, மலை இன்னும் வரலையா?"

"தாண்டியாச்சும்மா" என்றார் நண்பர்.

அம்மாள் ஜன்னல் வழியாக ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.